ஏரிக்கரையில் ஒரு நோட்டு: வரைந்து வரைந்து ஓர் இடத்தோடு பழகுவது எப்படி

நாமக்கோழியை எனக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை நாமம், அவ்வளவுதானே? பென்சிலோடு கரையில் உட்கார்ந்த அன்றுதான் சிக்கல் தொடங்கியது. நாமம் எங்கே முடிகிறது, அலகு எங்கே தொடங்குகிறது? நடுவில் கோடு ஏதாவது உண்டா? கண் என்ன நிறம்? பல வருடங்களாகப் பார்த்த பறவை, ஒரு கேள்விக்கும் பதில் தெரியவில்லை. (அலகும் நாமமும் ஒரே வெள்ளை. கண் சிவப்பு. இப்போது தெரியும்.)

இந்த வழிகாட்டி அழகான படம் போடக் கற்றுத்தராது. அதற்கு நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஓர் ஏரிக்கோ குளத்துக்கோ கண்மாய்க்கோ ஒரு வருடம் திரும்பத் திரும்பப் போய் வரைந்தால், படம் எப்படி வந்தாலும் அந்த இடம் உங்களுக்குப் பழகிவிடும். அந்தப் பழக்கம் வருவதற்கான வழியைத்தான் இங்கே சொல்கிறேன். பக்கத்தில் ஏரி இல்லையென்றால் தெருமுனைப் புங்கமரத்தை வைத்துக்கொண்டும் இதில் பெரும்பாலானதைச் செய்யலாம். நான் ஏரியைச் சொல்வதற்குக் காரணம், நான் செய்தது அதுதான்.

முதல் படி: நடந்து போகும் தூரத்தில் ஓர் இடம்

வேடந்தாங்கல் வேண்டாம், முதுமலை வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை போகிற இடத்தோடு பழக முடியாது. வீட்டிலிருந்து கால் மணி நேரத்தில் நடந்து போய்ச் சேரும் இடமாகப் பாருங்கள். அது அழகாக இருக்க வேண்டியதில்லை. என் ஏரியின் ஒரு மூலையில் குப்பை மலை இருக்கிறது, அது என் நோட்டிலும் இருக்கிறது.

முதல் நாள் பறவை, பூ எதையும் வரையாதீர்கள். கரையைச் சுற்றி நடந்துவிட்டு ஒரு வரைபடம் போடுங்கள். தண்ணீர் எந்த வரத்துக்கால் வழியாக வருகிறது, மதகு எங்கே இருக்கிறது, நிரம்பினால் எந்தக் கலிங்கில் வழியும், அந்தத் தண்ணீர் அடுத்து எந்த ஏரிக்குப் போகும். நம் ஏரிகள் பெரும்பாலும் சங்கிலித்தொடராக அமைந்தவை. மேலேயுள்ள ஏரியின் மிச்சத் தண்ணீர் கீழேயுள்ள ஏரிக்கு வரத்து. என் முதல் வரைபடத்தில் வரத்துக்கால் பாதி வழியில் ஒரு வீட்டு மதில் சுவரில் போய் முட்டி நின்றது. தப்பாக வரைந்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்பப் போய்ப் பார்த்தேன். வரைபடம் சரியாகத்தான் இருந்தது.

தொடங்குவதற்கு நல்ல மாதம் செப்டம்பர். வடகிழக்குப் பருவமழை வருவதற்கு முன்பு வெடித்துக் கிடக்கும் தரையை ஒருமுறை வரைந்து வைத்துக்கொண்டால், டிசம்பரில் அதே இடத்திலிருந்து வரையும் படம் உங்களையே திகைக்க வைக்கும். நீர்ப்பறவைகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் சுருங்கச் சுருங்க மீன்கள் ஒரே இடத்தில் குவியும், கொக்குகளும் அங்கேயே குவியும். வெயிலுக்குப் பயந்து அந்த மாதங்களைத் தவறவிடாதீர்கள்.

இரண்டாம் படி: சாமான்

கோடு போடாத நோட்டு ஒன்று, கையில் அடங்கும் அளவில். அட்டை கெட்டியாக இருக்கட்டும், மடியில் வைத்து எழுத வேண்டும். ஒரு ஹெச்பி பென்சில், ஒரு 2பி பென்சில், ஒரு பால்பாயின்ட் பேனா, காற்றில் தாள் பறக்காமல் இருக்க ஒரு கிளிப். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் 12 கட்டி வாட்டர்கலர் பெட்டி போதும். ரப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அழிக்கத் தொடங்கினால் கண் பறவையை விட்டுவிட்டுத் தாளுக்கு வந்துவிடும். பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

நிறம் இல்லாமலும் நிறையச் செய்யலாம். மா. கிருஷ்ணன் (1912–1996) 1950 முதல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கைப் பத்தி எழுதினார், அதற்குக் கறுப்பு வெள்ளைப் படங்களையும் தானே வரைந்தார். எழுதுகிறவரும் வரைகிறவரும் ஒரே ஆளாக இருந்தால் பார்வைக்கு ஒரு கூர்மை வருகிறது என்று எனக்குத் தோன்றும். அதனால் உங்கள் நோட்டிலும் படத்துக்கு நடுவே வாக்கியங்கள் வரட்டும்.

ஒவ்வொரு பக்கத்தின் மேலும் ஐந்து விஷயங்களைக் குறித்துவிடுங்கள்: தேதி, நேரம், வானம், காற்று, நீர்மட்டம். நீர்மட்டத்துக்கு அளவுகோல் வேண்டாம். மதகுச் சுவரில் எத்தனை வரிசைக் கல் வெளியே தெரிகிறது என்று எண்ணினால் போதும். அந்த எண்ணை மட்டும் ஒரு வாரமும் விடாதீர்கள், கடைசியில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

மூன்றாம் படி: வரைவதற்கு முன்பு பத்து நிமிடம்

போனவுடனே நோட்டைத் திறக்காமல் உட்காருங்கள். நீங்கள் வந்ததால் கலைந்துபோன உயிர்கள் திரும்ப வர அவ்வளவு நேரமாவது ஆகும். ஆள்காட்டிக் குருவி கத்திக் காட்டிக்கொடுத்து ஓய்ந்த பிறகுதான் மற்றவை வெளியே வரும்.

அந்தப் பத்து நிமிடத்தில் கை சும்மா இருக்காது என்றால் ஓசை வரைபடம் போடலாம். தாளின் நடுவில் ஒரு புள்ளி, அதுதான் நீங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இடப்பக்கம் தூரத்தில் கானாங்கோழி கூவினால் இடப்பக்க ஓரத்தில் ஒரு குறி, பின்னால் லாரி போனால் பின்னால் ஒரு குறி. எழுத்து வேண்டாம், ஓசைக்கு ஏற்ற கோடு போதும். கானாங்கோழிக்குத் திரும்பத் திரும்ப வரும் கொக்கி, தவளைக்குப் புள்ளிகள், லாரிக்கு நீளமான இழுப்பு. மழை பெய்த மறுநாள் ராத்திரி போட்ட ஓசைப் படத்தில் என் தாள் முழுவதும் தவளைப் புள்ளிகள், பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது.

நான்காம் படி: நகராததிலிருந்து நகர்வதற்கு

முதல் மாதம் செடிகள் மட்டும். ஓர் இலையை எடுத்துக்கொண்டு, தாளைப் பார்க்காமல், இலையின் ஓரத்தில் எறும்பு நடப்பதுபோல் கண்ணை நகர்த்தி, அதே வேகத்தில் பேனாவையும் நகர்த்துங்கள். வரும் படம் கண்ணராவியாகத்தான் இருக்கும். பரவாயில்லை. இலையின் விளிம்பில் எத்தனை பல், எங்கே பூச்சி கடித்திருக்கிறது, காம்பு எந்தக் கோணத்தில் சேர்கிறது என்பதெல்லாம் கைக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம் பறவைகள். பறவை நமக்காக நிற்காது, அதனால் ஒரு பறவையை முடிக்க நினைக்காதீர்கள். ஒரே பக்கத்தில் ஏழெட்டு உருவங்களைத் தொடங்கி வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து நொடி. தலையைத் திருப்பிவிட்டால் அந்தப் படத்தை விட்டுவிட்டு அடுத்தது. பறவை பழைய நிலைக்குத் திரும்ப வரும், அப்போது விட்ட படத்துக்குத் திரும்புங்கள்.

நின்று உதவும் பறவைகளும் உண்டு. நீர்க்காகம் குளித்து எழுந்ததும் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். மடையான் தண்ணீர் ஓரத்தில் சிலை மாதிரி இருக்கும். பாம்புத்தாரா நீந்தும்போது கழுத்து மட்டும்தான் வெளியே தெரியும், ஒரே வளைவில் வேலை முடிந்தது. முக்குளிப்பானை வரைவதைவிட எண்ணுவது நல்லது. மூழ்கிய இடத்தில் ஒரு புள்ளி, எழுந்த இடத்தில் ஒரு புள்ளி, இரண்டையும் சேர்க்கும் கோட்டின் மேல் எத்தனை நொடி என்று எழுதுங்கள். ஒரு காலைக்குள் ஏரியின் அந்த மூலையில் அது எங்கே மேய்கிறது என்பது படமாகிவிடும். மீன்கொத்திகளிலும் இப்படித்தான். வெண்மார்பு மீன்கொத்தி கம்பியில் உட்கார்ந்து காத்திருக்கும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று குனிந்து பார்க்கும். நிறமே போடாமல் அந்த இரண்டு நிலைகளை வரைந்தாலே எது எது என்று யாருக்கும் புரியும்.

ஐந்தாம் படி: தனிப்படம் வேண்டாம், உறவைப் போடுங்கள்

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

மரியா சிபில்லா மேரியன் (1647–1717) என்று ஜெர்மனியில் பிறந்த ஓர் ஓவியர் இருந்தார். 1699-இல், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, இளைய மகளைக் கூட்டிக்கொண்டு தென் அமெரிக்காவின் சூரினாமுக்குக் கப்பலேறினார், பூச்சிகளை வரைவதற்காக. அந்தக் காலத்தில் பூச்சிப் படம் என்றால் பெரும்பாலும் வெள்ளைத் தாளில் செத்த பூச்சிகளை வரிசையாக அடுக்குவதுதான். மேரியன் முட்டை, புழு, கூடு, பட்டாம்பூச்சி எல்லாவற்றையும் ஒரே தாளில், அந்தப் புழு தின்னும் செடியின் மேலேயே வைத்து வரைந்தார். யார் எதைத் தின்று எங்கே வளர்கிறார்கள் என்பது ஒரே பார்வையில் தெரிந்தது. சூழலியல் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் செய்த சூழலியல் வேலை அது.

நீங்கள் சூரினாம் போக வேண்டாம். ஏரிக்கரையில் எருக்கஞ்செடி இருக்கும். ஒரே ஒரு எருக்கைத் தேர்ந்தெடுத்து நோட்டின் இரண்டு பக்கத்தையும் அதற்கு ஒதுக்குங்கள். நடுவில் செடி. வாரம் ஒருமுறை போய், அதன்மேல் யாரைப் பார்த்தீர்களோ அவர்களை அதே இடத்தில் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

இளங்குருத்தில் மஞ்சள் மஞ்சளாக அசுவினி என்ற குட்டிப் பூச்சிகளின் கூட்டம் ஒட்டியிருக்கும். இரண்டு வாரம் கழித்து அவற்றைத் தின்னப் பொறிவண்டு வரும். பூவுக்குப் பெரிய கருவண்டு வரும். பார்க்க வண்டு மாதிரி இருந்தாலும் அது காய்ந்த மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் தேனீ வகை. எருக்கம்பூவில் மகரந்தம் தூளாக இல்லாமல் சின்னப் பை மாதிரி ஒட்டி எடுக்கும் அமைப்பில் இருப்பதால், இப்படிக் கனமான ஆள் வந்தால்தான் வேலை நடக்கும். இலையின் அடியில் பாருங்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டையோடு, முதுகில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்பு நீட்டிக்கொண்டு ஒரு புழு இருந்தால் அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. எருக்கம்பாலில் இருக்கும் நஞ்சைத் தின்று தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். ஒருமுறை தின்று பார்த்த பறவை மறுமுறை தொடாது. அதனால்தான் வெந்தய வரியன் அவ்வளவு நிதானமாகப் பறக்கிறது. இதில் இன்னொரு கூத்தும் உண்டு. நஞ்சே இல்லாத வேறோர் இனத்தின் பெண் பட்டாம்பூச்சி, வெந்தய வரியனின் நிறத்தை அப்படியே போட்டுக்கொண்டு திரியும். பின்னிறக்கையில் எத்தனை கறுப்புப் புள்ளி என்று வரைந்து பார்த்தால்தான் அசலும் நகலும் பிரியும். நகலில் புள்ளிகள் குறைவு.

இதையெல்லாம் அம்புக்குறியால் சேருங்கள். தின்பதற்கு ஒரு நிறம், ஒளிவதற்கு ஒரு நிறம், மகரந்தத்துக்கு ஒரு நிறம். மூன்று மாதத்தில் அந்தச் செடி ஒரு தெரு மாதிரி ஆகிவிடும். ஒரு நாள் போனபோது யாரோ அந்த எருக்கை வெட்டிப் போட்டிருந்தார்கள். களைச்செடிதானே என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும். அந்த வாரப் பக்கத்தில் வெட்டிய அடித்தண்டை வரைந்தேன். மழைக்குப் பிறகு அதிலிருந்தே துளிர்த்தது, அதையும் வரைந்தேன்.

ஓர் எச்சரிக்கை: எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். காம்பை ஒடிக்காதீர்கள், தொட்ட கையால் முகத்தைத் துடைக்காதீர்கள். குழந்தைகள் கூட வந்தால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வெளியே போக முடியாதவர்கள் கறிவேப்பிலைத் தொட்டியை வைத்துக்கொள்ளலாம். கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியின் குட்டிப் புழு பறவை எச்சம் மாதிரியே இருக்கும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தாளிப்பதற்கு இலை பறிக்கும்போது கொஞ்சம் பார்த்துப் பறியுங்கள்.

ஆறாம் படி: நிறத்தை அந்த இடத்திலிருந்தே எடுப்பது

கடை வண்ணத்தில் தவறில்லை. ஆனால் ஒருமுறையாவது அந்த மண்ணையே மையாக்கிப் பாருங்கள். வரத்துக்கால் ஓரத்துச் செம்மண்ணைத் தண்ணீரில் கரைத்து மெல்லிய துணியில் வடிகட்டி, அடியில் தங்குவதைக் காயவைத்து, கருவேலம்பிசின் கரைத்த தண்ணீரில் குழைத்தால் பழுப்புச் சிவப்பு தயார்.

கறுப்புக்குக் கடுக்காய். நாட்டு மருந்துக் கடையில் 50 கிராம் வாங்கி, கொட்டையை நீக்கி, தோலை இடித்து, அரை லிட்டர் தண்ணீரில் பாதியாகச் சுண்டக் காய்ச்சி வடிகட்டுங்கள். வேறொரு கண்ணாடிப் பாட்டிலில் துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஒரு வாரம் ஊறவையுங்கள், மூடியை இறுக்க வேண்டாம். இரண்டையும் சேர்த்ததும் கண்ணெதிரே கறுக்கும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்வதால் வரும் கறுப்பு இது. கும்பகோணம் பக்கத்தில் கலம்காரித் துணி எழுதுகிறவர்களும் துணியைக் கடுக்காயில் நனைத்து, வெல்லத்தில் ஊறிய இரும்புத் துருவால்தான் கறுப்புக் கோடு இழுக்கிறார்கள். இந்த மையை நல்ல பேனாவில் ஊற்றிவிடாதீர்கள், அரித்துவிடும். மூங்கில் குச்சியைச் சீவிக்கொண்டால் போதும்.

சங்குப்பூ நீலம் எலுமிச்சைச் சாறு பட்டால் ஊதாச் சிவப்பாகும், சோப்புத் தண்ணீர் பட்டால் பச்சைக்குப் போகும். பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை கிடையாது. மஞ்சள்தூள் பளிச்சென்று வரும், ஆனால் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும்.

இன்னொரு சின்ன வேலை. நோட்டின் கடைசித் தாளில் மாதத்துக்கு ஒரு பட்டை வீதம், ஏரித் தண்ணீரின் நிறத்தை மட்டும் பூசிவையுங்கள், எப்போதும் காலை ஏழு மணிக்கு, ஒரே இடத்திலிருந்து பார்த்து. நவம்பரில் செம்மண் கலங்கல், ஜனவரியில் வானத்தின் நிறம், ஏப்ரலில் பாசிப் பச்சை. என் பட்டையில் ஒரு மாதம் சாம்பலும் நுரையுமாக இருக்கிறது. அந்த மாதம்தான் புதிதாக ஒரு சாக்கடையை ஏரிக்குள் திருப்பிவிட்டிருந்தார்கள்.

எடுப்பதில் ஒரு வரம்பு வேண்டும். விழுந்ததை எடுக்கலாம், பறிக்க வேண்டாம். கூட்டின் அருகே போகவே வேண்டாம். காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையாடுவதில் சேரும். செல்போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையைக் கூப்பிடுவதும் வேண்டாம், பாவம், சண்டைக்கு வந்திருக்கும் எதிரியைத் தேடி அலையும்.

ஏழாம் படி: பெயர் கேட்பது

பெயர் தெரியாததை உடனே செல்போனில் தேடாமல், படத்தைக் காட்டி ஏரிக்கரை ஆட்களிடம் கேளுங்கள். ஆடு மேய்க்கும் அம்மாவுக்கு எதை ஆடு தின்னும், எதைத் தின்னாது என்பது அத்துப்படி. வலை போடுகிறவருக்குக் கோரைப் புதருக்குள் எது முட்டை வைக்கும் என்று தெரியும். அவர்கள் சொல்லும் பெயரை முதலிலும் புத்தகப் பெயரை அடுத்தும் எழுதுங்கள். நேரில் போய்க் கேள்வி கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள்கூட, நோட்டில் அரைகுறைப் படத்தைப் பார்த்தால் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். "இதுக்குக் கால் இப்படி இருக்காது தம்பி" என்று ஒருவர் என் தாழைக்கோழியைத் திருத்தினார். நீளமான விரல்களைப் பரப்பி ஆகாயத்தாமரை மேலே நடக்கும் என்று கையால் நடந்தே காட்டினார்.

ஆகாயத்தாமரை ஒரு தர்மசங்கடம். ஊதாப் பூவும் அதில் மயில்கண் மாதிரி மஞ்சள் பொட்டும் வரைவதற்கு அவ்வளவு அழகு. ஆனால் தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி, ஏரியை மூடி வெளிச்சத்தையும் காற்றையும் தடுத்து மீனைத் திணறடிக்கும். நான் பூவையும் வரைந்து, மாதாமாதம் அது ஏரியில் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று வரைபடத்தில் நிழலும் போடுகிறேன்.

எட்டாம் படி: மற்றவர்களைக் கூட்டிப் போவது

தனியாக ஆறு மாதமாவது போன பிறகு கூட்டம் சேருங்கள். எட்டு பத்துப் பேருக்கு மேல் வேண்டாம், ஞாயிறு காலை ஆறரைக்கு. பறவைப் பெயர்களை ஒப்பிக்கும் பாடமாக ஆக்கிவிடாதீர்கள். ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து ஓசை வரைபடத்திலிருந்து தொடங்கினால், எனக்கு வரைய வராது என்று சொல்பவரும் மாட்டிக்கொள்வார். ஏரிக்குள் மண் எடுத்த குழிகள் தண்ணீருக்கு அடியில் தெரியாது, அதனால் பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடவே கூடாது.

சிறுவர்களுக்குக் களிமண் நல்லது. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவியெடுப்புத் திருவிழா என்றால் ஊரார் முதலில் மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள், அதிலிருந்துதான் மண்குதிரை வேலை தொடங்கும். நாங்களும் கரையில் ஆளுக்கு ஒரு பிடி மண் எடுத்து, அன்று பார்த்ததில் பிடித்த உயிரைச் செய்து, வண்ணம் பூசாமல் கரையிலேயே வைத்துவிட்டு வருவோம். அடுத்த மழைக்கு மண் மண்ணோடு போய்விடும். இன்னொரு நாள் அரிசிமாவில் கோலம் போட்டு, எந்த எறும்பு முதலில் வருகிறது, எந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு போகிறது என்று பக்கத்திலேயே உட்கார்ந்து வரையலாம். கடையில் விற்கும் கல்மாவுக்கு எறும்பு வராது, வீட்டிலிருந்து அரிசிமாவு கொண்டு போங்கள்.

வருடம் முடிந்ததும் படங்களைக் காட்ட அரங்கு எதுவும் தேட வேண்டாம். கரையில் இரண்டு மரத்துக்கு நடுவே கொடிக்கயிறு கட்டி, துணி கிளிப்பில் மாட்டி, ஒரு சாயங்காலம் வைத்தால் போதும். டீக்கடைக்குப் பக்கம் என்றால் இன்னும் நல்லது. கிராமமாக இருந்தால் மார்ச் 22, உலக தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடும். 52 வாரத்து நீர்மட்ட எண்களையும், சுவரில் முட்டி நிற்கும் வரத்துக்கால் வரைபடத்தையும் அன்று எடுத்துப் போங்கள். வாயால் சொல்லும் குறையைத் தட்டிவிடலாம், தேதி போட்ட 52 பக்கத்தைத் தட்டிவிடுவது கொஞ்சம் கஷ்டம்.

கொடிக்கயிற்றில் வரைபடம் தொங்கும் இடத்தில் நூலில் ஒரு பென்சிலையும் கட்டிவிடுங்கள். எங்கள் வரைபடத்தில் இப்போது மூன்று கையெழுத்து இருக்கிறது. நான் விட்டுப்போன பழைய மடையை ஒருவர் குறித்திருக்கிறார். அல்லி பூத்த இடம் என்று இன்னொருவர் ஒரு வட்டம் போட்டிருக்கிறார், அங்கே இப்போது ஆகாயத்தாமரைதான். மூன்றாவது, ஒரு சின்னக் கை, ஏரியின் நடுவில் ஒரு நாமக்கோழியை வரைந்து, கண்ணுக்குச் சரியாகச் சிவப்பும் தீட்டியிருந்தது.